சட்டப்படியான கழுத்து

பெரிய மனிதர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவது எங்கள் ரோக்காஸ்பீனாக்காரர்களின் பிறவிக் குணம். தொப்பி இல்லாதவன் தலையைச் சொறிந்துகொள்வான். கை சும்மா இருக்காது. மலையில் ஓநாய் வந்தால் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கீழேயிருந்து மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவன் கழுதையேறி வந்தாலோ ஊரே கைகட்டி நிற்கும். வந்தவன் வழி தவறி வந்தவனாக இருந்தாலும் சரிதான். நேப்பிள்ஸ் மன்னர் எங்களை ஆண்ட காலத்தில், எங்களை அடக்கி வைக்க அவருக்கு ஒரு சிப்பாய்கூடத் தேவைப்படவில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தக் குணத்தில் தொனாத்தோ எங்கள் எல்லோருக்கும் அண்ணன். காட்டில் மரத்தை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவன். கஸ்தெல்வேரோ நகரத்துக்கு இரண்டு தடவை போய் வந்தவன். முதல் தடவை கரி விற்க. இரண்டாவது தடவை, முதல் தடவை தொலைத்துவிட்டு வந்த கழுதையைத் தேட. அதனால் அவனுக்குச் சட்டம் தெரிந்தவன் என்று பெயர். அந்தப் பெயரை அவனேதான் வைத்துக்கொண்டான். எங்களில் யாருக்கும் அதை மறுக்கிற அளவுக்குச் சட்டம் தெரியாது.

அந்த நகரத்தில் மகா கருணை இல்லம் என்று ஒன்று இருந்தது. பெற்றவர்களால் வளர்க்க முடியாமல் விட்டுப்போன பச்சைப் பிள்ளைகளைத் திருச்சபையும் அரசாங்கமும் கூட்டுச் சேர்ந்து காப்பாற்றுகிற இடம். அதன் சுவரில் ஒரு துவாரம், துவாரத்தில் சுழலும் மரப்பெட்டி. பிள்ளையைப் பெட்டியில் வைத்து, மணியை இழுத்துவிட்டுத் தள்ளினால் பிள்ளை உள்ளே போய்விடும். வைத்தவளின் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். உள்ளே போனதும் முதல் காரியமாகக் கழுத்தில் நீலப் பட்டுக் கயிற்றைக் கட்டி, முடிச்சின் மேல் ஈய முத்திரையை வைத்து இடுக்கியால் நசுக்குவார்கள். பால் அதற்குப் பிறகுதான். அங்கே பாலுக்குத் தட்டுப்பாடு வருவதுண்டு. ஈயத்துக்கு வந்ததே இல்லை.

இல்லத்தில் இடம் கொள்ளாத பிள்ளைகளைக் கூடையில் வைத்து, கழுதை மேல் ஏற்றி, மலையில் பால் உள்ள பெண்களைத் தேடி அனுப்புவார்கள். தொனாத்தோவின் மனைவி அசுந்தாவுக்குப் பிறந்த பிள்ளை தொட்டிலில் தூங்குவதற்குள்ளேயே போய்விட்டது. மாரில் பால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் கையில் கூடைக்காரன் எலிக்குஞ்சு போல ஒன்றைத் திணித்துவிட்டுப் போனான். இல்லம் அதற்குப் பியாங்கா என்று பெயர் வைத்திருந்தது. வெள்ளைச்சி என்று அர்த்தம். கரிக்காரன் குடிசையில் அந்த வெள்ளை ஒரு வாரம்தான் தாங்கியது.

பிழைக்காது என்று ஊரே சொன்னது. எங்கள் ஊர் சொல்லி எது நடந்திருக்கிறது? மூன்று வயது நெருங்குவதற்குள் பியாங்கா ஆட்டுக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். கை வளர்ந்தது, கால் வளர்ந்தது, வாய் எல்லாவற்றையும்விட வளர்ந்தது. கயிறு மட்டும் வளரவில்லை. முதலில் அது கழுத்தில் ஒரு கோடு போட்டது, பிறகு கோடு புண்ணானது. ரொட்டியைக் கடித்தால் தொண்டையில் நின்றுவிடும். இருமி இருமிக் கண் பிதுங்கும்.

“கத்திரிய எடுய்யா,” என்றாள் அசுந்தா.

“அடியே, அது அரசாங்கக் கயிறு.”

“கழுத்து யாரோடது?”

தொனாத்தோ யோசித்தான். “அதுவும் அரசாங்கத்தோடதுதான்னு நினைக்கிறேன்.”

“அப்ப இருமல் மட்டும் நம்மளோடதா?”

தொனாத்தோ பயந்ததில் நியாயம் இருந்தது. கயிற்றை அறுத்தாலோ கழற்றினாலோ பிள்ளையைப் பறிப்போம், வளர்த்தவனைச் சிறையில் போடுவோம் என்று கூடைக்காரன் கோயில் வாசலில் நின்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனான். முன்னொரு காலத்தில் சிலர், செத்த பிள்ளையின் கயிற்றைத் தங்கள் சொந்தப் பிள்ளைக்கு மாட்டி, வளர்ப்புக்கூலியை வாங்கிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள்தான் என்று கேள்வி. எங்களுக்கு அவ்வளவு மூளை இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

“நீ பேசாம இரு,” என்றான் தொனாத்தோ. “பெரிய மனுசங்க எதுக்கு இருக்காங்க? கயிறு கொஞ்சம் இறுக்குதுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இளக்கிக் கட்டிக் குடுத்துருவாங்க. இத்தன வருசத்துல எத்தன பிள்ளைங்களுக்குப் பண்ணிருப்பாங்க!”

“நீ ஓநாய்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப் பாப்பே.”

“சட்டம் தெரியாதவ மாதிரி பேசாதே.”

“தெரியாமத்தான் பேசறேன். தெரிஞ்சவன் புள்ளையோட திரும்பி வந்து சேரு.” ஒன்றை மண்ணில் வைத்தவள் அவள். பெரிய மனிதர்களுக்கென்று, சுரைக்காய் போலக் கட்டித் தொங்கவிட்டிருந்த பாலாடைக்கட்டியை இறக்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தொனாத்தோ பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மலையிறங்கினான்.

*

இல்லத்து வாயிற்காவலர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சட்டைப் பொத்தான்களைக் கண்டதுமே தொனாத்தோ தொப்பியைக் கழற்றியிருந்தான்.

“பிள்ளையா? பிள்ளைங்க வர்ற வழி இது இல்ல. அந்தப் பக்கம் போ, சுவத்துல பெட்டி இருக்கும்.”

“ஐயா, இது ஏற்கெனவே உங்க பிள்ளைதாங்க. கயித்தப் பாருங்க.”

“எங்க பிள்ளைன்னா அதுக்கே வழி தெரிஞ்சிருக்கணுமே?”

“நடக்கிற பிள்ளைங்க ஐயா. பெட்டில எப்படி...”

“இந்த வீட்டுல இத்தன பிள்ளை வந்திருக்கு, அத்தனையும் அந்தப் பெட்டி வழியா வந்ததுதான். உன் பிள்ளைக்குன்னு தனியா வாசல் வெட்டச் சொல்றியா?”

வேறு ஊர்க்காரனாக இருந்தால் சண்டை போட்டிருப்பான். எங்கள் ஆள், அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனான். பெட்டி ஒரு பெரிய ரொட்டி வைக்கிற அளவு இருந்தது. பியாங்காவை மடித்தான், திருப்பினான், குனிய வைத்தான். ஒரு காலும் தலையும் உள்ளே போயின. மற்றதெல்லாம் அரசாங்கத்துக்கு வெளியே இருந்தது. விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. மணிக்கயிறு கைக்கு எட்டியதும் அதைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது, விடவேயில்லை.

தொனாத்தோ தோளைக் கொடுத்துத் தள்ளினான். பெட்டி பாதி சுழன்று சிக்கிக்கொண்டது.

உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது. “யேசுவே! யார் கால் இது?”

“பியாங்காவோடதுங்க தாயே.”

“இன்னொரு கால் எங்க?”

“அது என்கிட்ட இருக்குதுங்க.”

“பெட்டிய ஒடச்சிராதே! உள்ள வாய்யா, கதவு வழியா வா. யாருய்யா உன்னப் பெட்டிக்கு அனுப்பினது?”

“வாசல்ல இருக்கிற பெரியவருங்க.”

“அவரு சொன்னா செய்துருவியா?”

செய்வோம். அதுதான் எங்கள் கோளாறு.

குரலுக்கு உரியவர் சிஸ்டர் எவுலாலியா. கயிறு கட்டுவதும் அறுப்பதும் அவர் பொறுப்பு. இடுப்பில் இடுக்கி தொங்கியது. பியாங்காவைத் தரையில் நிற்க வைத்து, ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். சந்தையில் ஜவுளி பார்ப்பவர் போலத் தொடையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பிள்ளை திருப்பிக் கிள்ளியது.

“இது உயிரோட இருக்கே!”

“ஆமாங்க தாயே.”

“கயித்தோடயா?”

“கயித்தாலதான் கஷ்டமுங்க. கொஞ்சம் இளக்கிக் கட்டிட்டா நாங்க போயிருவோம்.”

சிஸ்டர் எவுலாலியா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “இளக்கற வேலையே இங்க இல்லப்பா. கட்டறதுக்கு ஒரு விதி இருக்கு. அறுக்கறதுக்கு ஒரு விதி இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல.”

“அறுக்கறது எப்பங்க?”

“செத்தா.” மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். நீலக் கயிறுகள் துவைத்துச் சுருட்டி அடுக்கியிருந்தன. “நல்ல பட்டு. அறுத்து, ஈயத்த உருக்கி, துவைச்சு, மறுபடி கட்டிருவேன். இவ கழுத்துல கிடக்கறதும் முன்னாடி நாலஞ்சு கழுத்து பாத்ததுதான். நான் இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து ஒண்ணுகூட வீணாப் போனதில்ல.”

“பிள்ளைங்களா தாயே?”

“கயிறப்பா,” என்றார் சிஸ்டர்.

இது தன் அதிகாரத்தை மீறிய விஷயம் என்று சொல்லி அவனை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

*

டாக்டர் கிளெமெந்தே படித்தவர். ‘கைவிடப்பட்ட சிசுக்களின் இயற்கையான பலவீனம்’ என்று ஒரு பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். தாயின் பாவம் பிள்ளையின் ரத்தத்தில் இறங்கி உடம்பைக் கரைக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு வயதுக்கும் எடை, உயரம், கழுத்தளவு என்று அட்டவணை போட்டிருந்தார். மூன்று வயதுக்கு நேரே எழுத இல்லத்தில் பிள்ளை கிடைக்காததால் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தையே தன் கொள்கைக்குப் பெரிய ஆதாரமாக அவர் எழுதியிருந்தார்.

பியாங்காவை அளந்தார். நாடாவை மாற்றி மறுபடி அளந்தார்.

“என்னய்யா குடுக்கறே இதுக்கு?”

“கஷ்கொட்டைக் கஞ்சிங்க. ஆட்டுப்பால். பன்னி அடிச்சா ரெண்டு துண்டு கொழுப்பு. மத்தது அவளா எடுத்துத் திங்கறதுங்க.”

“யாரு எழுதிக் குடுத்தா இப்படிக் குடுக்கச் சொல்லி?”

“யாரும் எழுதலீங்க. பசிச்சா அழுவா. அழுத பிள்ளைதானுங்களே பால் குடிக்கும்?”

“அழுவாளா?” டாக்டர் பேனாவை எடுத்தார். “எவ்வளவு நேரம்?”

“குடுக்கற வரைக்குமுங்க.”

“விசித்திரம்! இங்க ஒண்ணும் அழாது. முதல் வாரத்தோட நிறுத்திரும். அவ்வளவு சாந்தமான சுபாவம்.” பேனாவைக் கீழே வைத்தார். “இந்தா பாரு. இது எங்க பிள்ளை இல்ல.”

“முத்திரையப் பாருங்க ஐயா.”

“முத்திரை எங்களோடதுதான். அதுல சந்தேகமே இல்ல. பிள்ளைதான் தப்பு. எங்க பிள்ளை இப்படி இருக்கவே முடியாது, அறிவியல் ஒத்துக்காது. நீ மாத்திட்டே.”

இந்த இடத்தில் தொனாத்தோவுக்குக் கோபம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. திருதிருவென்று விழித்தான். மாற்றியிருப்போமோ என்று யோசித்தான். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் எங்களுக்கு எங்கள் கண்ணே சாட்சி சொல்லாது. பிள்ளையின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். அது அவன் மூக்கைப் பிடித்துத் திருகியது.

“மாத்தலீங்க ஐயா,” என்றான். “மாத்தியிருந்தா என் பொண்டாட்டி என்னைத் தின்னுருப்பா.”

“மாத்தியிருந்தா நீ ஜெயிலுக்கு. மாத்தலேன்னா இந்தப் பிள்ளையோட உடம்பை நீங்க விதிக்கு விரோதமாக் கெடுத்து வெச்சிருக்கீங்க. ரெண்டும் லேசான விஷயம் இல்ல. வா, சபைக்கு.”

கயிற்றை இளக்க வந்தவனுக்குக் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

*

மேலே பெரிய மண்டபத்தில் நிர்வாக சபை கூடியிருந்தது. சுவர் முழுக்கக் கொடை கொடுத்த கனவான்களின் ஓவியங்கள், ஒவ்வொருவர் காலடியிலும் கன்னம் உப்பிய குழந்தைகள். இல்லத்தில் கன்னம் உப்பிய குழந்தை இல்லாததால் ஓவியருக்கு மாதிரியாக நின்றது சமையற்காரியின் பேரன் என்று சொல்வார்கள். நடுநாயகமாக இயக்குநர் தொன் பால்தசாரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோயில் மூத்த குரு ஒருவர், பாதித் தூக்கத்தில். மற்ற கனவான்கள் முழுத் தூக்கத்தில்.

தொனாத்தோ பாலாடைக்கட்டியை மேசைமேல் வைத்து, குனிந்து, பின்வாங்கி நின்றான். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். தொன் பால்தசாரே எழுந்தார். அவருக்கு எழுந்தாலே மேடைப் பேச்சுதான் வரும்.

“கனவான்களே! ஆயிரமாயிரம் சிசுக்கள் இந்த நீலக் கயிற்றை அணிந்திருக்கிறார்கள். இறுக்குகிறது என்று ஒரு சிசுவாவது முறையிட்டதுண்டா? இல்லை! வளர்ந்து, திரும்பி வந்து, இந்த இல்லத்தின் மேல் ஒரு குறையாவது சொன்னவர் உண்டா? ஒருவரும் இல்லை! ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை! இதைவிட ஒரு நற்சான்று உலகில் எந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது?”

கனவான்களில் ஒருவர் தூக்கத்திலேயே கைதட்டினார்.

“ஏன் பால்தசாரே, கயித்தக் கொஞ்சம் நீட்டினா என்ன?” என்று கேட்டார் மூத்த குரு.

“நீட்டலாம் சுவாமி. நீட்டினா நாளைக்கு எல்லாப் பிள்ளையும் வளர ஆரம்பிச்சிருமே! அப்புறம் ரொட்டி கேக்கும். செருப்பு கேக்கும். பள்ளிக்கூடம் கேக்கும். நம்மளோடது சிசுக்களுக்கான கருணை. சிசுவுக்கு மேல போனா அது வேற யாரோ காட்ட வேண்டிய கருணை.”

“அப்ப இந்தப் பிள்ளைய என்ன பண்றது?”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “கயித்துல குறை இல்ல. கழுத்துதான் விதியத் தாண்டிருச்சு. பிள்ளைய இங்கயே விட்டுட்டுப் போகட்டும். நம்ம வார்டுல, நம்ம கஞ்சில இருந்தா ஒரே மாசத்துல கழுத்து சட்டப்படி ஆயிரும். நான் உத்தரவாதம் தர்றேன்.”

“அதுக்கு மேலயும் இளைச்சிட்டா?” என்றார் குரு.

“அப்பவும் கவலை இல்ல சுவாமி. கயிறே திரும்பி வந்துரும்.”

எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. அடுத்த விஷயத்துக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். பிள்ளையை எடுத்துக்கொள்ளும்படி தொன் பால்தசாரே சிஸ்டருக்குக் கை காட்டிவிட்டு, “என்னப்பா, சம்மதம்தானே?” என்றார்.

“சரிங்க ஐயா,” என்றது தொனாத்தோவின் வாய்.

ஆம், அப்படித்தான் சொன்னது. அவனைக் கேட்காமலே சொன்னது. பரம்பரை பரம்பரையாக மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தால் அந்த வாய்க்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கத்துவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

சிஸ்டர் கையை நீட்டினார். பியாங்கா போகவில்லை. தொனாத்தோவின் இரண்டு காதுகளையும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவன் கழுத்தில் புதைத்து, இருமினாள். அந்த இருமலில் அவன் உடம்பு குலுங்கியது. ஒரு மாதம் கழித்து, கழுத்து சட்டப்படி ஆன பியாங்கா எப்படி இருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒன்றைத் தன் கையாலேயே துணியில் சுற்றி மண்ணில் வைத்தவன் அவன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அசுந்தாவின் முதுகு ஞாபகம் வந்தது.

பிறகு அவன் சொன்னதைப் பற்றி எங்கள் ஊரில், ‘தொனாத்தோ பெரிய தந்திரக்காரன்’ என்று பேசிக்கொள்வார்கள். நம்பாதீர்கள். தந்திரம் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. பெரிய மனிதர்களுக்கு ஒரு மாதத் தொந்தரவு எதற்கு என்றுதான் நினைத்தான்.

“ஐயா,” என்றான். “எப்படியும் கயிறு திரும்பி வரணும், அவ்வளவுதானுங்களே? அதுக்கு எதுக்குங்க ஒரு மாசம்? பிள்ளை இப்பவே செத்துட்டதா வெச்சுக்கிட்டா என்னங்க?”

மண்டபம் அமைதியானது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த அமைதியில் விழித்துக்கொண்டார்கள்.

தொன் பால்தசாரேயின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. “கயிறு வந்துரும்.”

“என் அட்டவணையும் அப்படியே இருக்கும்,” என்றார் டாக்டர்.

“நீட்டற பேச்சும் இல்ல,” என்றார் இன்னொருவர்.

“மலைக்காரனா இருந்தாலும் விஷயம் தெரிஞ்சவன்யா!” என்று தொன் பால்தசாரே அவனைப் பாராட்டினார். தொனாத்தோவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் ரத்தம் அப்படி.

டாக்டர் எழுத உட்கார்ந்தார். மரணத்துக்குக் காரணம் வேண்டுமே! காய்ச்சல் என்று எழுதலாமா என்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். அது அவர் விரலைக் கடிக்கப் பார்த்தது. மனச்சாட்சி உள்ளவர், பொய் எழுத மாட்டார். கடைசியில் ‘அளவு மீறிய வளர்ச்சி’ என்று எழுதி, மை காய மணலைத் தூவினார்.

சிஸ்டர் எவுலாலியா இடுக்கியைக் கயிற்றுக்கும் புண்ணுக்கும் நடுவில் நுழைத்தார். தன் முரட்டு விரலைக் கீழே கொடுத்து, தோலில் படாமல், பதமாக நெரித்தார். ஈயம் உடைந்தது. பியாங்கா மூச்சை உள்ளே இழுத்தாள், இழுத்தாள், இழுத்துக்கொண்டே போனாள். பிறகு போட்டாள் ஒரு கூச்சல். ஓவியங்கள் ஆடின. அந்த மண்டபத்தில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது அதுவே முதல் தடவை என்பதால் கனவான்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

மூத்த குரு எழுந்து நின்று இறந்த சிசுக்களுக்கான ஜெபத்தைச் சொல்லி மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். “இன்னும்! இன்னும்!” என்றது பிள்ளை. அவரும் நல்ல மனிதர், இன்னும் கொஞ்சம் தெளித்தார். தொனாத்தோவுக்குக் கண்ணீர் கொட்டியது. அவனுடைய சொந்தப் பிள்ளைக்கு இந்த ஜெபத்தைச் சொல்ல அன்று மலையேறி யாரும் வரவில்லை.

“உன் துயரத்தில் இந்த இல்லம் பங்குகொள்கிறது,” என்றார் தொன் பால்தசாரே. “உடலை யார் அடக்கம் பண்றது?”

“நானே எடுத்துட்டுப் போயிர்றேங்க ஐயா.”

“நல்லது.” அதற்குள் உடல் மேசைமேல் ஏறிப் பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. பெரிய துண்டு தொண்டையில் நிற்காமல் இறங்கியது. “சுவாமி, செத்தவங்க சாப்பிடலாமா?”

குரு யோசித்தார். “கூடாதுன்னு எங்கயும் எழுதல.”

*

செத்தவர்கள் முன்வாசல் வழியாகப் போகக் கூடாது. பின்பக்கக் கதவுக்கு வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சிஸ்டர் எவுலாலியா முன்னால் நடந்தார்.

நீண்ட அறை. இரண்டு பக்கமும் தொட்டில்கள். தொனாத்தோ ஆட்டுப்பட்டியில் வளர்ந்தவன். ஒரே இடத்தில் இத்தனை குட்டிகள் இருந்தால் எவ்வளவு சத்தம் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே அவனுடைய மரச்செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருந்தன. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பியாங்காகூட வாயை மூடிக்கொண்டு அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

கடைசித் தொட்டிலில் ஒன்று, கண் திறந்தபடி, காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

“இது அழலியே தாயே?”

“அழுது முடிச்சிருச்சு.”

“பாலு?”

“ஒரு தாதிக்கு எட்டுப் பிள்ளைப்பா. இது எட்டாவது.”

“பிழைக்குமுங்களா?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கலாம்.”

சிஸ்டர் பின்கதவைக் கை காட்டினார். தொனாத்தோ நகரவில்லை. கை தலைக்குப் போனது. தொப்பி காலையிலிருந்தே தலையில் இல்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியவர் ஒருவர் போகச் சொல்லிக் கை காட்டியும் போகாமல் நின்றான்.

“தாயே, ஞாயித்துக்கிழமை சாகறதுக்குப் பதிலா, இது இன்னிக்கே செத்துட்டா, விதி ஏதாவது தடுக்குதுங்களா?”

சிஸ்டர் எவுலாலியா அவனைப் பார்த்தார். மண்டபத்துப் படிக்கட்டைப் பார்த்தார்.

“எழுதறது டாக்டர் வேலை,” என்றார் கடைசியில். “காலித் தொட்டிலப் பாத்தா அவரா எழுதிக்குவாரு. கேள்வி கேக்க மாட்டாரு. எப்பவும் கேட்டதில்ல. எனக்குக் கயிறு வந்தாச் சரி.”

இடுக்கியை எடுத்தார். இந்த முறை ஈயத்தை நெரிக்க இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. தன் மேலங்கியை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றி அவன் சட்டைக்குள் வைத்தார்.

“பையன். பேருகூட இன்னும் வைக்கல.” பின்கதவைத் திறந்துவிட்டார். “போ. ஓடாதே. செத்த பிள்ளையத் தூக்கிட்டு யாரும் ஓட மாட்டாங்க.”

தொனாத்தோ ஓடவில்லை. நகர எல்லை தாண்டும் வரை, துக்கத்தில் இருப்பவன் எப்படி நடப்பான் என்று யோசித்து யோசித்து நடந்தான். தாண்டியதும் பியாங்காவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடின ஓட்டத்தை எங்கள் மலை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வழியில் ஓர் இடையனிடம் பால் வாங்கித் துணியில் நனைத்து வாயில் வைத்தான். சிறியது வாங்கிக்கொள்ளவில்லை. உதட்டோரம் வழிந்தது.

அசுந்தா பாதைத் திருப்பத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பியாங்காவின் வெறுங்கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். புண்ணைத் தடவினாள், முத்தமிட்டாள், பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

“கத்திரி போதும்னு அப்பவே சொன்னேன். என்னய்யா சொன்னாங்க உன் பெரிய மனுசங்க?”

“செத்துட்டான்னு சொன்னாங்க.”

“யாரு?”

“ரெண்டு பேரும்,” என்று தொனாத்தோ சட்டையை விலக்கிக் காட்டினான்.

அவள் பிள்ளையை வாங்கி உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள், எடையே இல்லை. அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, விரலை ஆட்டுப்பாலில் தோய்த்து அதன் உதட்டில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பியாங்காவைத் தூங்கவைத்துவிட்டு வந்து மறுபடி தேய்த்தாள். தொனாத்தோ வாசலில் நின்றுகொண்டு, தான் செய்தது இன்னொன்றையும் மண்ணில் வைப்பதற்குத்தானோ என்று நினைத்து நினைத்து வெந்தான். விளக்கில் எண்ணெய் ஊற்ற அவள் கையை எடுத்தாள். எடுத்ததும் பிள்ளையின் முகம் சுருங்கியது, வாய் கோணியது, உள்ளேயிருந்து பூனைக்குட்டியின் சத்தம்போல ஒன்று வந்தது. மறுபடி வந்தது, கொஞ்சம் பெரிதாக. பிறகு நிறுத்தாமல் வந்தது.

அசுந்தா விளக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து விரலைக் கொடுத்தாள். அது கவ்விக்கொண்டு இழுத்தது.

“அடப்பாவி மனுசா, நின்னுக்கிட்டு என்ன பாக்கறே? போய் ஆட்டப் பிடிச்சுட்டு வா!” என்று அவள் கத்தினாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “செத்த பிள்ளைக்கு எவ்வளவு பசி பாரு!”